வகுப்பின் பின்னால் ஒரு வெறுங்கதிரை

புதிதாகச் சிறுவர் ஊழியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: "சிறுவர் ஊழியம்: இன்றைய போக்கும் நாளைய திசையும்." வாசித்தவுடனே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு, லிங்கநகரிலிருந்து கடைத்தெருவுக்குப் போக எந்தப் பஸ் எப்போது வரும் என்பதே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. நாளைய திசையை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனாலும் இருபத்தெட்டு வருடம் திருகோணமலையில் பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன். பிழை விட்ட அனுபவம் எனக்குத் தாராளமாக உண்டு. அதில் மிகப் பெரியதை ஒளிக்காமல் சொல்கிறேன். திசையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். நான் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு துணிப் பலகையும் அதில் ஒட்டும் கடதாசிப் படங்களும்தான் இருந்தன. ஒருநாள் துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று யன்னலால் புகுந்து, படகையும் மீன்களையும் சீடர்களையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய் வீதியில் போட்டது. எங்கள் பட்டணத்தில் மாடுகளைப் போல வீதியில் திரியும் மான்கள் வந்து முகர்ந்து பார்த்தன. பிறகு ப்ரொஜெக்டர் வந்தது. அது வந்த அன்றே மின்சாரம் போனது. இப்போது என் இடத்தில் வேலை செய்யும் ஜெனி, கணினியே கீறித் தரும் படங்களைக் கொண்டுவருகிறாள். போன மாதம் அப்படி ஒரு படத்தில் இயேசுவின் கையில் ஆறு விரல் இருந்ததாம். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு விரல் எண்ணத் தொடங்கிவிட்டார்களாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எந்தக் கருவியும் ஒருநாள் உங்கள் காலை வாரத்தான் போகிறது. அதற்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. வகுப்பில் படம் எடுக்க முதல் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் கேட்கிறீர்கள் அல்லவா? "இந்தப் படிவத்தை யார் கண்டுபிடித்தது?" என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டது என் காதில் விழுந்தது. கண்டுபிடித்தது நான்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசைக்குப் பின்னால் யாரும் இல்லாமல் ஒரு கதிரை போடுகிறீர்களே, அதற்கும் நான்தான் காரணம். இரண்டும் ஒரே பிழையிலிருந்து வந்தவை.

கொரோனா கழிந்து, பாடசாலைகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய காலம் அது. எங்கள் வகுப்புகள் மெலிந்துபோயிருந்தன. வட்ஸ்அப்பில் கதை கேட்டுப் பழகிய பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மீதிப் பேரை ஞாயிறு காலை ரியூசன் கொண்டுபோனது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சோதனை என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு மேல் நாங்கள் வாய் திறக்க முடியாது. சபைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் என்னிடம் ஒரே கேள்விதான்: "எத்தனை பிள்ளைகள்?" பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிறரைக் குறை சொல்லி என்ன, நானும் அந்த எண்ணைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில், சாம்பல்தீவில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் எங்கள் சிறிய மண்டபத்தில், அந்தக் கிழமை அதற்குப் பதிலாகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வகுப்பு வைத்தோம். நோட்டீசில் "பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை, எல்லாப் பிள்ளைகளும் வரலாம்" என்று போட்டோம். எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள், அவர்களுடைய சைக்கிள்களின் பின்னால் ஏறி வந்த அயல் வீட்டுச் சைவப் பிள்ளைகள், அவர்களுடைய தம்பி தங்கைகள். ஐந்தாம் நாள் நாற்பத்தொரு பேர். எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

அவர்களில் ஒருத்தி தர்சிகா. ஒன்பது வயது. பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியிலிருந்து ஒரு சிநேகிதியோடு வந்தவள். தகப்பன் யோகராசா கடற்தொழிலாளி. குடும்பம் சைவக் குடும்பம், அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னுக்கு நிற்கிற வீடு. தர்சிகாவிடம் ஒரு கதையைச் சொல்லி முடிப்பது இலேசான காரியமல்ல. "ஏன் ரீச்சர்?", "பிறகு ரீச்சர்?", "அவருக்கு அம்மா இல்லையோ ரீச்சர்?" என்று மூச்சு விடாமல் கேட்பாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிருந்தது.

இப்படியான வகுப்பின் கடைசி நாளில் நாங்கள் வழமையாகச் செய்கிற ஒன்று இருந்தது. மெதுவாக ஒரு பாட்டு. எல்லோரும் கண்ணை மூட வேண்டும். "இயேசுவை யார் தங்கள் நண்பராக ஏற்றுக்கொள்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள்." பிறகு ஒரு சிறிய அட்டை. அதில் "நான் இன்று தீர்மானித்தேன்" என்று அச்சடித்திருக்கும். பெயரும் திகதியும் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். எனக்கும் சிறுவயதில் அப்படி ஓர் அட்டை தந்தார்கள். அதனால் அதைப் பற்றி இரண்டாம் முறை யோசித்ததே இல்லை.

நாற்பத்தொரு பேரும் கை தூக்கினார்கள். பாய்மேல் நித்திரையாகிக் கிடந்த மூன்று வயதுத் தம்பியின் கையை அக்கா பிடித்துத் தூக்கினாள். யாருக்கு ஐஸ்பழம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் இதே கைகள் இதே வேகத்தில் மேலே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அட்டைகளை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் போனில் படம் எடுத்தேன். நடுவில், எல்லோரையும்விட உயரமாக, தர்சிகாவின் அட்டை. பிள்ளைகளை அனுப்பிய கையோடு அந்தப் படத்தை என் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே எழுதினேன்: "ஆண்டவருக்காக நாற்பத்தொரு சிறு இருதயங்கள்!" ஸ்டேட்டஸ் போட நான் அந்த மாதம்தான் பழகியிருந்தேன். பழகியவர்களுக்கு வரும் தலைக்கனம் எனக்கும் இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. பட்டணத்தில் எங்கள் ஆலயத்தோடு சேர்ந்த சிறிய அலுவலக அறையில் நானும் ஜெனியும் மிஞ்சிய கைவேலைச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஜெனி அப்போதுதான் எனக்கு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இடுப்பில் சாரமும் மேலே சேர்ட்டுமாக ஒருவர் இறங்கி வந்தார்.

"நீங்கள்தானே பெரிய ரீச்சர்?"

"ஓம் தம்பி, வாங்கோ, இருங்கோ."

"நான் இருக்க வரேல்லை. தர்சிகாவின்ர அப்பா." எங்களிடம் தராமல் அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த அட்டையைச் சேர்ட் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டார். "என்ர பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டாளாம். நேற்றுப் பின்னேரம் கரையில நிக்கேக்குள்ள ஒருத்தன் போனைக் காட்டுறான். என்ர பிள்ளையின்ர சங்கதியை ஊருக்குள்ள நான்தான் கடைசியாக் கேக்கிறதோ?"

நான் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன்.

"பாட்டும் விளையாட்டும் எண்டுதானே போட்டிருந்தனீங்கள்? அதை நம்பித்தானே மனிசி அனுப்பினவ? இதைப் பற்றி அதில ஒரு சொல் இருந்ததோ?"

இல்லை. அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. வெட்கத்தில் என் காது சூடேறியது. எனக்குக் கோபமும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஐந்து நாள் வேர்க்க விறுவிறுக்க உழைத்ததற்கு இதுதானா என்ற கோபம். அவருடைய முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தேன். ஜெனி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, மெல்லிய குரலில், "அன்ரி, கையொப்பத்தைப் பாருங்கோ" என்றாள்.

பெயர் என்ற இடத்தில் யோ. தர்சிகா என்று இருந்தது. திகதி சரியாக இருந்தது. கையொப்பம் என்ற கோட்டின்மேல், இடம் போதாமல் வளைந்து வளைந்து, பென்சிலால் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மாட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன்."

ஜெனியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு விளங்கியது. ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். பிள்ளை எதையும் தீர்மானிக்கவில்லை. தகப்பன் வாசிக்காமல் வந்து சண்டை பிடிக்கிறார். "தம்பி, முதலில வாசிச்சுப்போட்டு வாங்கோ" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவர் வாயடைத்துப் போவார், எங்கள் பக்கம் நியாயமாகிவிடும். அந்த வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அதைச் சொல்லாமல் விட்டதற்கு என் பக்தி காரணமல்ல. அந்தப் பென்சில் எழுத்துத்தான் காரணம். அப்போதைக்கு இருபத்து நான்கு வருடம் பிள்ளைகளோடு வேலை செய்திருந்த நான், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவளுடைய புத்தியை எடுத்து என் பிழைக்கு மறைப்பாகப் பிடிப்பதா? அப்படிச் செய்திருந்தால் அதற்குப் பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போயிருக்கும்.

"தம்பி," என்றேன், "இதில உங்கட பிள்ளை எழுதினதை வாசியுங்கோ. அவள் சரியாத்தான் செய்திருக்கிறாள். வீட்டில கேட்டிட்டு வா எண்டு நான்தான் முதலில சொல்லியிருக்கோணும். நான் சொல்லேல்லை. இந்த அட்டையை வாசிக்கவும் இல்லை. எண்ணினது மட்டும்தான். பிழை என்ர."

அவர் அட்டையை எடுத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு, இருக்க வரவில்லை என்றவர், கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

"நானும் வாசிக்கேல்லை ரீச்சர்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவள் என்னவோ சொல்லச் சொல்லக் கேக்காமல் ஏசிப்போட்டன். இனி அந்தப் பக்கம் போகக்கூடாது எண்டும் சொல்லிப்போட்டன். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் அவள் என்னோட ஒரு கதை கதைக்கிறாள் இல்லை."

அந்த அறையில் ஜெனியைத் தவிர வளர்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இரண்டு பேருமே அந்தப் பிள்ளை எழுதியதை வாசிக்காதவர்கள். அவளுக்குத் தகப்பனோடும் கோபம். அவள் ஆசைப்பட்ட வகுப்பும் இல்லை. படம் ஊரெல்லாம் போய்விட்டது. இதையெல்லாம் நான்தான் சரிப்படுத்த வேண்டும்.

"நான் என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "முதலில அந்தப் படத்தை அழியுங்கோ. அழிச்சாப் போதாது. எங்க போட்டனீங்களோ அங்கேயே பிழை எண்டு போடுங்கோ. பிறகு வீட்டை வந்து மனிசியிட்டச் சொல்லுங்கோ. அவதான் அனுப்பினவ. எல்லாரும் இப்ப அவவைத்தான் கேக்கினம்."

அவர் போன பிறகு போன் அடித்தது. சபைக் குழுவில் உள்ள ஒருவர். செய்தி அதற்குள் அங்கேயும் போய்விட்டது. "படத்தைச் சத்தமில்லாமல் அழிச்சுவிடுங்கோ, பிழை எண்டெல்லாம் எழுதப் போகாதேங்கோ. சபைக்கு மரியாதை இல்லாமல் போயிடும்," என்றார். அவர் கெட்டவர் அல்ல, சபையை நேசிக்கிறவர். நான் அவரிடம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எழுதினேன்: "நேற்று நான் போட்ட படமும் எழுதிய வரியும் பிழை. அந்தப் பிள்ளைகள் விடுமுறை வகுப்புக்கு வந்த பிள்ளைகள். அவ்வளவுதான். பெற்றோரைக் கேட்காமல் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்." முதல் படத்தை எட்டிப் பார்க்காத ஆட்களெல்லாம் இதைப் பார்த்தார்கள். அப்படித்தான் உலகம். சபைக் குழுக் கூட்டத்தில் எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நானும் ஜெனியும் எங்களிடம் இருந்த மற்ற அட்டைகள் எல்லாவற்றையும் வாசித்தோம். ஒருவன் கிரிக்கெட் மட்டை கீறியிருந்தான். ஒருத்தி தன் சிநேகிதியின் பெயரை எழுதி, சிநேகிதி இவளுடைய பெயரை எழுதியிருந்தாள். "நாளைக்கும் பிஸ்கட் தருவீங்களா?" என்று ஒன்று. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். பிறகு எங்கள் சபைப் பிள்ளை ஒருவனுடைய அட்டை வந்தது. "அப்பா கப்பலில் போனவர். போன் எடுக்கவில்லை. அவருக்கு என்ன நடந்தது?" என்று எழுதியிருந்தான். ஐந்து நாளும் முன்வரிசையில் இருந்து எல்லாப் பாட்டும் பாடிய பிள்ளை. அவனை நான் ஓர் எண்ணாக எண்ணிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிடமே அவனுடைய தாயைக் கூப்பிட்டோம். தகப்பனுடைய போன் பழுதாகியிருந்ததாம், அன்று காலைதான் வேறொருவருடைய போனில் கதைத்தாராம். போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி, ஆறுதலாக அரை மணி நேரம் அவனோடு கதைத்தேன்.

வெற்று அட்டைகள் இருந்த பெட்டியைக் கொண்டுபோய் வளவுக்குப் பின்னால் குப்பையோடு வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் அரைவாசியை மான்கள் தின்றுவிட்டிருந்தன. அவை என்ன முடிவு எடுத்தன என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜெனியின் ஸ்கூட்டரில் சல்லிக்குப் போனோம். காய்கிற மீன்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் அவள் ஓட்டிய ஓட்டத்தில், போய்ச் சேர்ந்ததே கிருபைதான். தர்சிகாவின் தாய் முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "நீங்கள் வந்து சொன்னது போதும் ரீச்சர். எங்கட சாமியை நாங்கள் கும்பிடுறம், உங்கட சாமியை நீங்கள் கும்பிடுங்கோ. பிள்ளைக்கு உங்கட கதையள் விருப்பம். ஆனா எங்களுக்குத் தெரியாமல் ஒண்டும் வேண்டாம்," என்றார். இதைவிடத் தெளிவான சிறுவர் பாதுகாப்புக் கொள்கையை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

தர்சிகா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். வளர்ந்தவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்பது புதிது போல, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து, "நான் வகுப்புக்குப் போகலாமோ?" என்று கேட்டாள். தகப்பன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

யோகராசா தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை நானும் வந்து இருந்து பாக்கிறன். பிறகு சொல்லுறன்."

மூன்று நாள் அவரோடு வாய் திறக்காத பிள்ளை அப்போதுதான் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, சாரத்தோட வராதேங்கோ!"

முதலில் சிரித்தது தாய்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

திரும்பி வந்து நடந்ததைப் போதகரிடம் சொன்னேன். அவர் வயதானவர், அதிகம் பேசாதவர். எனக்குப் புத்தி சொல்வார் அல்லது குறைந்தது ஒரு ஜெபமாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவரை எங்கே இருத்தப் போகிறீர்கள்?"

எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாய், ரீச்சருக்கு ஒரு கதிரை. வளர்ந்தவர் ஒருவர் உள்ளே வந்து இருப்பதற்கு இத்தனை வருடமாக நாங்கள் ஓர் இடமே வைத்திருக்கவில்லை. அவர்கள் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போகிறவர்கள். அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கடைசிப் பாய்க்குப் பின்னால் போட்டேன்.

யோகராசா மடிப்புக் குலையாத காற்சட்டையோடு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முதல் கிழமை ஒன்றும் பேசவில்லை. ஜெனிக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டாம் கிழமை, இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத மீனவரிடம் இயேசு திரும்பவும் வலை போடச் சொன்ன கதை. ஜெனி நன்றாகச் சொன்னாள். வலை போட்டார்களாம், மீன் நிறைந்ததாம், எல்லோரும் சந்தோசமாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. நீங்கள் சொல்லுறது போல அது இலேசில்லை."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. தர்சிகா வெட்கத்தில் நெளிந்துகொண்டு, "அப்பா! கையைத் தூக்கிப்போட்டுத்தான் கதைக்கோணும்!" என்றாள்.

அவர் உண்மையிலேயே கையைத் தூக்கினார். ஜெனி, "சொல்லுங்கோ அண்ணை," என்றாள்.

"இரவிரவா வலை போட்டு ஒண்டும் படாட்டி, விடிய வரேக்குள்ள தோள் ரெண்டும் கழண்டு விழும். அதுக்குப் பிறகுதான் வலையைக் கழுவுறது. பாசி, குப்பை எல்லாம் ஒவ்வொண்டாப் புடுங்கோணும். கழுவி முடிச்சாப் பிறகு ஒருத்தர் வந்து, திரும்பக் கொண்டுபோய்ப் போடு எண்டு சொன்னா, அதுவும் கடல் தெரியாத ஒருத்தர் சொன்னா, நானெண்டாப் போகமாட்டன். பக்கத்து வள்ளத்துக்காரன் எல்லாம் சிரிப்பான். அந்த மனுசன் போனவர். ஏன் போனவர்? அதை நீங்கள் சொல்லேல்லை."

ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கினார்கள். "அவருக்கு இயேசுவிலே விருப்பம்." "இல்லை, அவருக்குக் கடன்." "அவர் சும்மா போய்ப் பார்த்தவர்." தகப்பன் கப்பலில் போன பிள்ளை, "அவருக்கு வீட்டில பிள்ளையள் இருந்திருக்கும்," என்றான். நான் அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த மீனவருக்கு அலுப்பு இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தர்சிகா தகப்பனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். வகுப்பு முடிந்ததும், அவர்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனதைப் பார்த்தபோது என் மனம் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கதிரையை எடுக்கவில்லை. மற்ற வகுப்புகளிலும் போட்டோம். படம் எடுக்க முதல் நிரப்பும் அந்தச் சம்மதப் படிவத்தையும் அந்த மாதமே எழுதினேன். எந்தப் பெற்றோரும், எந்தச் சமயத்தவரும், எந்த நேரமும் வந்து இருக்கலாம். கட்டாரில் வேலை செய்யும் ஒரு தாய் வீடியோவில் வருகிறார், போனைக் கதிரையில் சாய்த்து வைக்கிறோம். பிள்ளை அடிக்கடி திரும்பிப் போனுக்குக் கை காட்டும். காட்டட்டும். பல நாட்களில் கதிரையில் யாரும் இருப்பதில்லை. அந்த நாட்களிலும் போடுங்கள். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நான் இதைச் சொல்வேனா என்று அந்த வெறுங்கதிரையைப் பார்த்துக் கேளுங்கள். சொல்ல மாட்டேன் என்றால், பிள்ளைகளிடமும் அதைச் சொல்ல வேண்டாம்.

போன டிசம்பரில் நத்தார் ஒளிவிழாவோடு சேர்த்து எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். சாம்பல்தீவு மண்டபத்தில்தான். மாலை போட்டு, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல விசயங்களையெல்லாம் பேசினார்கள். முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நீலக் கதிரையில் சற்று இருப்போம் என்று பார்த்தேன். அதில் யோகராசா இருந்தார்.

"ரீச்சர், இது என்ர இடம்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பக்கத்தில் எனக்கு இன்னொரு கதிரை இழுத்துப் போட்டார்.

தர்சிகா கேக் துண்டு கொண்டுவந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. சனிக்கிழமை வகுப்புக்கு அநேகமாக வருவாள், அம்மன் கோயில் பொங்கல் நேரத்தில் எங்களை மறந்துவிடுவாள். அன்று எனக்கு என்ன துணிவு வந்ததோ, கைப்பையைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். முதல் நாள் அவர் மேசையில் விட்டுப் போனதை நான் அத்தனை நாளும் வைத்திருந்தேன்.

"பிள்ளை, இது உன்ர. அண்டைக்கு அம்மாட்டக் கேட்டனியோ? நான் உன்னைத் திரும்பக் கேக்கவே இல்லை."

அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, என்ர எழுத்து! ஓம் ரீச்சர், கேட்டனான். அப்பா ஏச முதலே கேட்டனான். அம்மா சொன்னவ, 'அவை உன்னட்ட என்ன கேக்கினம்?' எண்டு. எனக்குத் தெரியேல்லை. ரீச்சரிட்டக் கேட்டிட்டு வந்து சொல்லுறன் எண்டனான். அதுக்குத்தான் திரும்ப வகுப்புக்கு வந்தனான். பிறகு அப்பா வலைக் கதையைத் தொடங்கிட்டார், நான் மறந்து போனன்."

கேக் என் கையிலேயே இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அன்று நாங்கள் என்ன கேட்கிறோம் என்றே தெரிந்திருக்கவில்லை. அவளை நான் படத்தின் நடுவில் நிறுத்தியிருந்தேன்.

அவள் பாயில் சப்பாணி கட்டி எனக்கு முன்னால் இருந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்பது வயதுக் குரலிலேயே கேட்டாள்: "இப்ப சொல்லுங்கோ ரீச்சர். அண்டைக்கு என்ன கேட்டனீங்கள்?"

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யோகராசா கையைக் கட்டிக்கொண்டு, கேட்பதற்கு ஆயத்தமாக இருந்தார். சொல்லுங்கோ என்பதுபோலத் தலையை அசைத்தார்.

கேக்கை ஜெனியின் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கும் கேட்கும்படியாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.